பில்ட் ஸ்க்ரிப்டை ஷெல்லில் எழுதுவதா, பைத்தானிலா?

பில்ட் ஸ்க்ரிப்ட் (சோர்ஸ் கோடிலிருந்து புரோகிராமைக் கட்டித் தரும் கட்டளைத் தொகுப்பு) எழுத உட்காருகிறவர்கள் "எந்த மொழி நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு இடத்தில் ஆரம்பிப்பேன். இந்த ஸ்க்ரிப்ட் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் ஓடப்போகிறது? அங்கே என்ன இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? இது தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும். ஸ்க்ரிப்ட் வெறும் கட்டளைகளை ஓட்டுகிறதா, இல்லை தகவலைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறதா என்று பார்த்தால் மீதியும் வந்துவிடும்.

பெருங்குடியில் ஒரு சின்ன நிறுவனத்தில் பில்ட், ரிலீஸ் வேலையைப் பார்க்கிறேன். மளிகைக் கடைகளில் ரசீது அடிக்கும் கையடக்க மெஷினுக்கு ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் புரோகிராம்) எழுதுகிறோம். எங்கள் ஸ்க்ரிப்டுகள் டெவலப்பர்களின் உபுண்டு லேப்டாப்களில் ஓடுகின்றன, சிலரிடம் இருக்கும் மேக்புக்கில் ஓடுகின்றன, ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் டாக்கர் இமேஜை (தயாராகப் பொதிந்த சூழல்) வைத்து நடக்கும் சிஐ-யில் (கோட் மாறும்போது தானாக பில்ட் செய்து சோதிக்கும் ஏற்பாடு) ஓடுகின்றன. இதெல்லாம் போக, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மெஷின்களுக்கு ஃபர்ம்வேர் ஏற்றும் ஒரு பழைய டெபியன் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு இன்டர்நெட் கிடையாது. அதில் புதிதாக எதையும் நிறுவவும் முடியாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் விண்டோஸ் லேப்டாப்போடு வருவதும் உண்டு. கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த இடங்களில் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஸ்க்ரிப்ட் ஓடவேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். /பின்/எஸ்ஹெச் (கணினியின் அடிப்படை ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம், இருக்கும் இடம்) என்பது அங்கே உண்மையில் எது? பாஷ் (வசதிகள் கூடிய ஷெல்) இருக்கிறதா, எந்தப் பதிப்பு? பைத்தான் இருக்கிறதா, எந்தப் பதிப்பு? இல்லையென்றால் நிறுவும் அனுமதி யார் கையில்?

"ஷெல் எங்கேயும் இருக்குமே" என்று சொல்வார்கள். எங்கேயும் இருப்பது எஸ்ஹெச், பாஷ் அல்ல. உபுண்டு 2006-இல், 6.10 பதிப்பிலிருந்து /பின்/எஸ்ஹெச்-ஐ டாஷ் என்ற சின்ன ஷெல்லுக்கு மாற்றிவிட்டது. டெபியன் 2011-இல் வந்த 6.0 பதிப்பில் மாற்றியது. ஆல்பைனில் அந்த இடத்தில் இருப்பது பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பின் ஆஷ் ஷெல். அடிப்படை ஆல்பைன் இமேஜில் பாஷும் இல்லை, பைத்தானும் இல்லை. மேக்புக்கில் பாஷ் இருக்கிறது, ஆனால் அது 3.2. அதற்குப் பிந்தைய பாஷ் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வருவதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. பெயரைச் சாவியாக வைத்துத் தேடும் அரே (மதிப்புகளின் பட்டியல்) பாஷில் வந்தது 2009-இல், 4.0 பதிப்பில். அதனால் உபுண்டுவில் அழகாக ஓடும் பாஷ் ஸ்க்ரிப்ட் மேக்புக்கில் அத்தகைய முதல் அரேயிலேயே பிழை தரும்.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு இது: பாஷ் 4 வேண்டும் என்று கேட்பது, பைத்தான் வேண்டும் என்று கேட்பதற்குச் சமம். இரண்டுமே யாரோ நிறுவித் தரவேண்டியவை. நிறுவச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் பைத்தானையே கேளுங்கள். புது பாஷை நம்பி எழுதும் பெரிய பில்ட் ஸ்க்ரிப்டில் எஸ்ஹெச்-இன் எங்கும் ஓடும் வசதியும் இல்லை, பைத்தானின் ஒழுங்கும் இல்லை. எங்கள் குழுவில் சுத்தமான எஸ்ஹெச் உண்டு, பைத்தான் உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது.

எஸ்ஹெச்-இல் எழுதுவது என்று முடிவானால்

அம்பத்தூர் ஸ்க்ரிப்ட் எஸ்ஹெச்-இல்தான் இருக்கிறது, அப்படியே இருக்கும். அது செய்வது இவ்வளவுதான்: யுஎஸ்பி-யில் மெஷின் தெரிகிறதா என்று பார்க்கும், ஃபர்ம்வேர் ஃபைலின் ஹேஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) சரியா என்று பார்க்கும், ஏற்றும் புரோகிராமை ஓட்டும், அது முடியும்போது தந்த எக்ஸிட் எண்ணைப் (வென்றதா தோற்றதா என்று சொல்வது) பார்த்துத் திரையில் பாஸ் அல்லது ஃபெயில் என்று காட்டும். கட்டளைகளை வரிசையாக ஓட்டி, ஒவ்வொன்றும் வென்றதா தோற்றதா என்று மட்டும் பார்க்கும் வேலைக்கு ஷெல்லைவிடப் பொருத்தமான மொழி எனக்குத் தெரியாது. பைத்தானில் மூன்று வரி ஆகும் ஒரு விஷயம் இங்கே அரை வரியில் முடியும்.

ஆனால் முதல் வரியில் /பின்/எஸ்ஹெச் என்று எழுதிவிட்டு உள்ளே பாஷ் எழுதினால் அடி விழும். விழும் விதம் கொஞ்சம் நயவஞ்சகமானது, அதனால் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ரிலீஸ் பில்டா (வெளியே போவது), டீபக் பில்டா (பிழை தேடுவதற்கானது) என்று பார்க்க ஒற்றைச் சதுர அடைப்புக்குள் இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிடுவது பலருக்கும் கைப்பழக்கம். பாசிக்ஸ் தரத்தை (எல்லா ஷெல்லுக்கும் பொதுவான விதிகள்) நம்பி எழுதுவதென்றால் ஒரே ஒரு சமக்குறிதான் பாதுகாப்பு. இரண்டு போட்டாலும் பாஷ் ஏற்றுக்கொள்ளும். பிஸிபாக்ஸ் ஆஷும் ஏற்றுக்கொள்ளும். எனவே மேக்புக்கிலும் ஓடும், ஆல்பைன் சிஐ-யிலும் பச்சை விளக்கு எரியும். உபுண்டு, டெபியனில் இருக்கும் டாஷில் மட்டும் "அன்எக்ஸ்பெக்டெட் ஆபரேட்டர்" என்று ஒரு வரி வரும். வந்துவிட்டு நிற்குமா என்றால் நிற்காது. ஒப்பீடு 'இஃப்'-க்குள் இருப்பதால் ஷெல் அந்தப் பிழையைச் "சரியில்லை" என்ற பதிலாக மட்டும் எடுத்துக்கொண்டு 'எல்ஸ்' பக்கம் போய்விடும். ரிலீஸ் கேட்டவருக்கு டீபக் கிடைக்கும்.

அம்பத்தூர் சூப்பர்வைசர் ஒரு முறை போனில் கேட்டது இதுதான்: "மேடம், ஸ்க்ரீன்ல ஆபரேட்டர்னு ஏதோ ஒண்ணு வருது, ஆனா கீழ பாஸ்னும் போடுது. லைனை ஓட்டலாமா, நிறுத்தவா?" நிறுத்தச் சொன்னேன். அவர் அந்த ஒரு வரியைப் பொருட்படுத்திப் போன் செய்ததால்தான் அன்றைய சரக்கு தப்பியது.

அதனால் எஸ்ஹெச் ஸ்க்ரிப்டை டாஷில் ஒரு தடவை, பிஸிபாக்ஸில் ஒரு தடவை என்று இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஆல்பைனில் மட்டும் ஓட்டினால் போதாது என்பது மேலே சொன்னதிலேயே தெரியும். ஷெல்செக் என்ற கருவி இத்தகைய பாஷ் வாடையை முகர்ந்து காட்டிவிடும். முதல் வரியில் எஸ்ஹெச் என்று இருந்தால் அதற்கேற்ற கண்டிப்போடு பார்க்கும். டெபியனில் டெவ்ஸ்க்ரிப்ட்ஸ் தொகுப்போடு வரும் செக்பாஷிஸம்ஸும் உதவும். இரட்டைச் சதுர அடைப்பு, அரே, 'சோர்ஸ்' என்ற சொல் (புள்ளி ஒன்றே போதும்), சுருள் அடைப்புக்குள் 1..10 என்று எழுதுவது, இதெல்லாம் எஸ்ஹெச்-இல் வேண்டாம்.

எழுத்தை அச்சிட 'எக்கோ'வைப் பழக்கத்தால் எழுதுவோம். பின்சாய்கோடு கலந்த எழுத்துத்தொடரை டாஷின் எக்கோ தானாகவே புதுவரியாகவும் டேபாகவும் மாற்றும், பாஷின் எக்கோ மாற்றாது. விண்டோஸ் பாதை ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள், தெரியும். 'பிரின்ட்எஃப்' எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும். எனவே அதையே பயன்படுத்துங்கள்.

ஷெல் சரியாக இருந்தாலும் அது கூப்பிடும் கருவிகள் ஊருக்கு ஊர் மாறும். ஃபைலைத் திருத்தும் 'செட்' கருவியில், அதே ஃபைலிலேயே மாற்றச் சொல்லும் '-ஐ' என்ற விருப்பத்துக்கு மேக்புக்கில் பின்னொட்டு ஒன்று கட்டாயம், லினக்ஸில் தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவாக எழுத முயலாதீர்கள். இன்னொரு ஃபைலில் எழுதி, 'எம்வி' (பெயர் மாற்றும் கட்டளை) செய்துவிடுங்கள். ஃபைலின் உண்மையான பாதையைச் சொல்லும் 'ரீட்லிங்க் -எஃப்' மேக்புக்கில் 12.3 பதிப்பிலிருந்துதான் உண்டு. 'சார்ட்' தரும் வரிசை மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். ஸ்க்ரிப்டின் தலையில் எல்சி_ஆல்=சி என்று வைத்துவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே வரிசை.

அழிக்கும் கட்டளைக்குத் தனி மரியாதை கொடுங்கள். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் புரோகிராமில் ஒரு பிழை பேசப்பட்டது. அதன் ஷெல் ஸ்க்ரிப்ட் தன் ஃபோல்டரைக் கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் போட்டு, அதற்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக்குறியும் சேர்த்து 'ஆர்எம் -ஆர்எஃப்' ஓட்டியது. ஃபோல்டரை இடம் மாற்றியவர்களுக்கு அந்த வேரியபிள் காலியாகிப்போய், கட்டளை கணினியின் வேரிலிருந்தே அழிக்க ஆரம்பித்தது. இதைத் தடுக்க எஸ்ஹெச்-இலேயே வழி உண்டு. சுருள் அடைப்புக்குள் வேரியபிள் பெயரையொட்டி :? என்று போட்டால், அது காலியாக இருக்கும்போது ஸ்க்ரிப்ட் அங்கேயே நின்றுவிடும். எங்கள் குழுவில் இந்த இரண்டு குறிகள் இல்லாத ஆர்எம் ரிவ்யூவைத் தாண்டாது.

ஷெல்லின் 'செட் -ஈ' (ஃபைலைத் திருத்தும் செட் அல்ல) போட்டால் எந்தப் பிழையிலும் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். ஒரு ஃபங்ஷனை 'இஃப்'-க்குள் கூப்பிட்டால், அல்லது அதன் பின்னால் || வைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள்ளே முழுக்க -ஈ செயல்படாது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பில் கடைசிக் கட்டளையின் பதில்தான் எண்ணப்படும். கம்பைலரின் வெளியீட்டை 'டீ' (திரையிலும் ஃபைலிலும் எழுதும் கருவி) வழியாக லாகுக்கு அனுப்பினால் கம்பைலர் தோற்றாலும் டீ வென்றுவிடும். இதைத் தடுக்கும் 'பைப்ஃபெயில்' அமைப்பு 2024 பாசிக்ஸ் பதிப்பில்தான் தரத்துக்குள் வந்தது, டெபியன் 12-இல் இருக்கும் டாஷுக்குக்கூட அது தெரியாது. ஆகவே முக்கியமான கட்டளையைப் பைப்பில் போடாதீர்கள். வெளியீட்டை ஃபைலுக்கு அனுப்பி, எக்ஸிட் எண்ணைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபைலைக் காட்டுங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக எடுத்த ஸ்க்ரிப்டில் வரி முடிவு மாறிப்போய், இன்டர்பிரிட்டரே கிடைக்கவில்லை என்று பிழை வரும். புதியவர்கள் முதல் வாரத்தில் திணறுவது பெரும்பாலும் இதில்தான். கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்க்ரிப்டுகளுக்கு வரி முடிவு எல்எஃப் (லினக்ஸ் முறை) என்று நிலைநிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஷெல்லை விட்டு எப்போது இறங்குவது

கூகுளின் ஷெல் வழிகாட்டி, 100 வரியைத் தாண்டினால் வேறு மொழிக்குப் போங்கள் என்கிறது. நல்ல எச்சரிக்கைதான். ஆனால் நான் வரியை எண்ணுவதில்லை. 200 வரியில் வெறும் கட்டளைகளாக இருக்கும் ஸ்க்ரிப்டோடு நிம்மதியாக வாழலாம். 30 வரியில் ஜேசான் வடிவத் தகவலை 'கிரெப்' என்ற சொல் தேடும் கருவியால் வெட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரிப்டோடு வாழ முடியாது. வேரியபிள் பெயரை 'ஈவால்' (எழுத்துத்தொடரையே கட்டளையாக ஓட்டுவது) வைத்து உருவாக்கத் தோன்றுகிறதா? ஃபங்ஷன் ஒரு மதிப்பைத் திருப்பித் தருவதற்காக எக்கோ செய்கிறதா? பட்டியலைக் காற்புள்ளியால் ஒட்டி ஒரே வேரியபிளில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஸ்க்ரிப்ட் தகவலைச் சுமக்க ஆரம்பித்துவிட்டது, இறங்கும் நேரம் வந்துவிட்டது.

எங்களுக்கு அந்த நேரம் தமிழால் வந்தது. மெஷினில் வரும் சரக்குப் பெயர்கள் ஒரு ஃபைலில் இருக்கின்றன: துவரம் பருப்பு, இட்லி அரிசி, நல்லெண்ணெய் இப்படி. ரசீதின் அகலத்துக்குள் பெயர் அடங்குமா என்று பில்டிலேயே ஒரு முதல்கட்டச் சோதனை வேண்டும். குழுவில் இருக்கும் தம்பி ஒருவர், "அக்கா, இதுக்குப் போய் எதுக்கு பைத்தான்? ஆக்-ல லெங்த் எடுத்தா ஒரு வரில முடிஞ்சிடுமே" என்றார்.

ஆக் என்பது உரையை வரி வரியாகக் கையாளும் கருவி, லெங்த் அதில் நீளத்தை எண்ணுவது. உட்கார்ந்து பார்த்தோம். "தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிக்கோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. டெபியனில் இயல்பாக வரும் மாக் என்ற ஆக், பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. ஜிஎன்யூ ஆக், மொழி அமைப்பு யுடிஎஃப்-8 ஆக இருந்தால் 5 என்கிறது. மேலே நாமே வைக்கச் சொன்ன எல்சி_ஆல்=சி இருந்தால் பாஷும் 15 என்கிறது. ஒரே ஃபைலுக்கு லேப்டாப்பில் ஒரு பதில், சிஐ-யில் இன்னொரு பதில். பைத்தானில் ஃபைலை யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் எங்கே ஓட்டினாலும் 5. அதோடு வரும் யூனிக்கோட்டேட்டா மாட்யூலை வைத்து, ஒட்டுக்குறி வகையில் சேர்ந்தவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 3. வெளியிலிருந்து எதையும் நிறுவத் தேவையில்லை. அந்தச் சோதனை அன்றே பைத்தானுக்குப் போனது. தம்பிதான் எழுதினார், நன்றாகவே எழுதினார்.

பைத்தானில் கவனிக்க வேண்டியவை

ஷெல்லிலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம், வெளிக் கட்டளையை ஓட்டும் சப்பிராசஸ்.ரன். கட்டளை தோற்றாலும் அது சத்தம் போடாது. செக்=ட்ரூ என்று கொடுத்தால்தான் பிழையை எழுப்பும். மறந்தால் செட் -ஈ இல்லாத ஷெல் ஸ்க்ரிப்டைப் போல எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போகும். ஒரு சின்ன ஃபங்ஷனில் அதைச் சுற்றி வைத்து, எல்லாக் கட்டளையையும் அதன் வழியாக மட்டும் ஓட்டுங்கள். கட்டளையை ஒரே எழுத்துத்தொடராகக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுங்கள். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தாலும் தமிழ் இருந்தாலும் கவலையில்லை.

சிஐ லாகில் வரிசை குழம்பியிருக்கும். "கம்பைல் தொடங்குகிறது" என்று நீங்கள் அச்சிட்டது கம்பைலரின் பிழைக்குக் கீழே வரும். வெளியீடு திரைக்குப் போகாதபோது பைத்தான் அதைத் தேக்கிவைத்து மொத்தமாக விடுவதே காரணம். -யூ விருப்பத்தோடு ஓட்டுங்கள்.

பைத்தான் ஒன்றுதான், பதிப்புகள் பல. உபுண்டு 22.04-இல் 3.10, டெபியன் 12-இல் 3.11, உபுண்டு 24.04-இல் 3.12. டாம்ல் (அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைல் வடிவம்) படிக்கும் மாட்யூல் 3.11-இல்தான் சேர்ந்தது. தொகுப்புகளைக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூல் 3.12-இல் நீக்கப்பட்டது. டெபியன் 12-இல் கணினியின் பைத்தானுக்குள் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) வழியாக நிறுவப் போனால் மறுத்துவிடும், தனிச் சூழல் கேட்கும். எனவே பில்ட் ஸ்க்ரிப்ட் என்றால் பைத்தானோடு வரும் நூலகம் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சப் பதிப்பு எது என்று ஒன்றைத் தீர்மானித்து எழுதிவையுங்கள். அதைச் சோதிக்கும் வரியைப் புதிய இலக்கணம் இருக்கும் அதே ஃபைலின் தலையில் வைத்துப் பலனில்லை. பைத்தான் முழு ஃபைலையும் படித்துவிட்டுத்தான் முதல் வரியை ஓட்டும், பழைய பதிப்பு இலக்கணப் பிழையிலேயே விழுந்துவிடும்.

மற்ற மொழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புராஜெக்டே ஜாவாஸ்க்ரிப்ட் என்றால் பில்ட் ஸ்க்ரிப்டை நோடில் எழுதுங்கள், கோ என்றால் கோவில் எழுதுங்கள். ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கும் மொழி எப்போதும் முதல் தேர்வு. எங்களுடையது சி என்பதால் பைத்தான்.

இரண்டையும் இணைப்பது

நடைமுறையில் எங்களுக்குச் சரிப்பட்டது, வாசலில் சின்ன எஸ்ஹெச், உள்ளே பைத்தான். எஸ்ஹெச் பகுதி பைத்தான்3 இருக்கிறதா, பதிப்பு போதுமா என்று பார்க்கும். இல்லையென்றால் என்ன செய்யவேண்டும் என்று தெளிவாக ஒரு வரி சொல்லி நிற்கும். இருந்தால் 'எக்ஸெக்' வழியாக வேலையை ஒப்படைத்துவிட்டு விலகும். ரஸ்ட் கம்பைலரின் பில்டும் இப்படித்தான் தொடங்குகிறது. 'எக்ஸ்' என்ற எஸ்ஹெச் ஸ்க்ரிப்ட் பைத்தானைத் தேடிப் பிடிக்கும், பைத்தான் ஸ்க்ரிப்ட் தேவையானதை இறக்கிக்கொண்டு, ரஸ்டிலேயே எழுதிய பில்ட் புரோகிராமைக் கட்டி ஓட்டும். மேக்ஃபைல் ('மேக்' என்ற பில்ட் கருவிக்கான கட்டளை ஃபைல்) வைத்திருப்பவர்கள் அதற்குள் நீளமான ஷெல்லை எழுதாமல் இருந்தால் நல்லது. ஒவ்வொரு வரியும் தனித்தனி எஸ்ஹெச்-இல் ஓடும். எல்லாவற்றையும் ஒரே ஷெல்லில் ஓட்டும் ஒன்ஷெல் அமைப்பு, மேக்புக்கோடு வரும் 'மேக்' கருவியின் 2006-ஆம் ஆண்டு 3.81 பதிப்பில் வேலை செய்யாது.

பழைய ஷெல் ஸ்க்ரிப்டை ஒரேயடியாக மாற்றி எழுதப் போகாதீர்கள். தகவலை அதிகம் சுமக்கும் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள். பழையதும் புதியதும் ஒரே சோர்ஸிலிருந்து ஃபர்ம்வேரை உருவாக்கட்டும், இரண்டு ஃபைலையும் 'சிஎம்பி'யால் ஒப்பிடுங்கள். உள்ளே பதியும் நேரத்தால் மட்டும் வித்தியாசம் வராமல் இருக்க, சோர்ஸ்_டேட்_எபாக் என்ற வேரியபிளில் கமிட்டின் நேரத்தை வையுங்கள். ஒரு பைட்கூட மாறாமல் வந்த பிறகு பழையதை அழித்துவிடுங்கள். இரண்டையும் ரெபோவில் வைத்திருந்தால் யாராவது பழையதைத்தான் திருத்துவார்கள்.

கடைசியாக சிஐ-யில் ஒரு வேலையைச் சேருங்கள். எஸ்ஹெச் ஃபைல்கள் எல்லாம் ஷெல்செக்கைத் தாண்டவேண்டும், அப்புறம் டெபியன் இமேஜில் டாஷிலும் ஆல்பைன் இமேஜில் ஆஷிலும் ஓடவேண்டும். பைத்தான் ஃபைல்கள் நீங்கள் எழுதிவைத்த குறைந்தபட்சப் பதிப்பில் ஓடவேண்டும், உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பதிப்பில் அல்ல. எங்கள் சிஐ-யில் டெபியன் இமேஜ், அம்பத்தூரில் இருக்கும் அதே பழைய பதிப்பு. அங்கே இருப்பதை எப்போது மாற்றுகிறார்களோ அப்போதுதான் இங்கேயும் மாறும்.